ஆளில்லாக் கட்டில்

பிஷ்கேக்கில் டிசம்பர் பிறந்துவிட்டால் எட்டு மணிக்குத்தான் பொழுது விடியும். விடிந்தாலும் நிலக்கரிப் புகையில் எதிர்க் கட்டடத்தின் கூரை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெர்மெத் ஆறரைக்கே எழுந்துவிடுவாள். எழுப்பிவிடப்படுவாள் என்று சொல்வதுதான் சரி. விடுதியின் நான்காம் மாடியில் அவர்கள் அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அறைத்தோழி ஜாஸ்குல் உள்ளே வருவாள். கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்தபடி இரண்டு ரொட்டி, தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறாமல் இருக்கும்.

"தலைவியம்மா இன்னும் தூங்குறீங்களா? நாடே உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு, எந்திரிங்க."

"பத்து நிமிஷம்டி."

"பத்து நிமிஷத்துல ரொட்டி கல்லாயிடும். அப்புறம் பல்லு போச்சுன்னு என் மேல பழி போடக் கூடாது."

ஜாஸ்குல் ஓஷ் சந்தைக்குப் பின்னால் ஒரு ரொட்டிக் கடையில் இரவு வேலை பார்த்தாள். தெற்கே பத்கென் பக்கம் ஊர். அப்பா ரஷ்யாவுக்குப் போய் ஏழு வருடம். மூன்று வருடமாகப் போனும் இல்லை. உணவுத் தொழில்நுட்பம் படித்தாள். இரண்டாம் நேர வகுப்பு என்பதால் காலை ஏழு மணிக்குப் படுத்து பதினொன்றுக்கு எழுந்து கல்லூரிக்குப் போக முடிந்தது. ஏப்ரன் கட்டின இடம் போக, புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும்.

பெர்மெத் மூன்றாம் ஆண்டு மென்பொருள் மாணவி. நரின் மலைப்பக்கத்துப் பெண். அப்பா கணவாய்ச் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். காலையில் எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை வகுப்பு. பிறகு பேருந்தில் தொங்கிக்கொண்டு போய் மதியத்திலிருந்து ஆறு மணி வரை ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சி வேலை. அங்கிருந்து திரும்பினால் மாணவர் பேரவை அறை, அவள்தான் தலைவி. குழாயில் வெந்நீர் வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, தேர்வு அட்டவணை இடிக்கிறது, ஆயிரத்தெட்டுப் புகார். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் பதில் தட்டுவாள். இதில் சனி, ஞாயிறில் சின்னக் கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிற வேலை வேறு. அவள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தவள் அந்த விடுதியில் ஜாஸ்குல் ஒருத்திதான்.

பேரவைக்கு அவள் பெருமைக்காக வந்தவளல்ல. முதலாண்டில் அவளுக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நகரத்துக்கு வெளியே புதுக்குடியிருப்பில் தூரத்து அத்தை வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தாள். கல்லூரிக்கு இரண்டு வண்டி மாற வேண்டும். அந்த மாதங்களில் விடுதியில் எத்தனையோ கட்டில்கள் சும்மா கிடந்தன. பெயர் பதிவு செய்துவிட்டு நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தவர்கள், சிபாரிசில் இடம் வாங்கிப் பூட்டி வைத்தவர்கள், அந்த இடத்தை இன்னொருத்தருக்கு வாடகைக்கு விட்டவர்களும்கூட. தேர்தலில் நின்றபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஆளில்லாத கட்டில ஆளுக்குக் குடுங்க. வேற எதுவும் நான் கேக்கல."

அரங்கம் கைதட்டி ஓய்ந்தபாடில்லை. எழுநூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் கல்லூரி நிர்வாகம் விடுதி வாசலில் சுழல்கதவு போட முடிவு செய்தது. மாணவர் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். யார் எப்போது வந்தார், போனார் என்று கணினியில் பதிவாகும். அந்த வேலை பெர்மெத் பயிற்சிக்குப் போன நிறுவனத்துக்கே வந்தது. அவளுடைய குழுவுக்கு மக்சத் என்பவன் தலைவன். முப்பது வயதிருக்கும், தாடியைச் சொறிந்துகொண்டே யோசிப்பான்.

"உங்க காலேஜ்தானேம்மா? நீயே எடுத்துக்கோ. மாசா மாசம் அறிக்கை ஒண்ணு கேக்குறாங்க, விடுதியில யாரெல்லாம் தங்குறதில்லன்னு. ஒழுங்கா முடிச்சுக் குடுத்தேன்னு வை, ஜூன்ல உன்னை நிரந்தரமாக்குறது என் பொறுப்பு."

பெர்மெத்துக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் கேட்டதைத் தன் கையாலேயே செய்து முடிக்கப் போகிறாள். விதி எளிமையானது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்து வரை உள்ளே இல்லாதவர் அன்று தங்கவில்லை. மாதத்தில் பதினைந்து இரவு அப்படியானால் அந்த எண் பட்டியலில் ஏறும். நோயாளிகள், இரவு வேலைக்காரர்கள், ஊருக்குப் போனவர்கள் எல்லாரையும் கழிக்க விதிவிலக்குப் பகுதி ஒன்று வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நிரலில் அந்த இடத்தில் 'இது பிறகு' என்று ஒரு வரி எழுதி வைத்தாள். ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. பிறகு இரண்டு தேர்வுகள் வந்தன, புத்தாண்டுக் கலைநிகழ்ச்சி வந்தது. அந்த வரி அப்படியே கிடந்தது.

டிசம்பர் கடைசி வியாழக்கிழமை அவள் கலைநிகழ்ச்சிக்கான ஒலிபெருக்கியை இன்னொரு ஆளோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். மாணவர் நலத் துணைமுதல்வர் தோக்தோசுன் ஐயாவின் உதவியாளர் கோப்போடு ஓடி வந்தார்.

"பெர்மெத், விடுதிக் குழுத் தீர்மானம். பேரவை கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ஐயா ரெண்டு மணிக்குக் கிளம்புறாரு."

"என்ன தீர்மானம்க்கா?"

"உன் தீர்மானம்தான். ஆளில்லாத கட்டிலு."

ஒலிபெருக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் மேலேயே காகிதத்தை வைத்து கையெழுத்துப் போட்டாள். இணைப்பில் முப்பத்தொரு எண்கள் இருந்தன. பெயர்கள் இல்லை, அட்டை எண்கள் மட்டும். அவற்றை அவள் பார்க்கவும் செய்தாள், முப்பத்தொரு கட்டில் என்று சந்தோஷமும் பட்டாள். அரை மணி நேரத்தில் நிறுவனத்தில் இருக்க வேண்டும்.

ஜனவரி விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் திங்கட்கிழமை. ஆறரை கடந்து ஏழாகியும் ரொட்டி வரவில்லை. கீழேயிருந்து விடுதிக் காப்பாளர் கலிபா அக்காவின் போன் வந்தது.

"எறங்கி வா புள்ள. உன் கூட்டாளி இங்க உக்காந்திருக்கா."

சுழல்கதவுக்கு வெளியே பெஞ்சில் ஜாஸ்குல் உட்கார்ந்திருந்தாள். காலடியில் பனி உருகிக் குட்டையாகியிருந்தது.

"அட்டை செவப்பு காட்டுது," என்றாள். "நாலு தடவை வெச்சுப் பாத்துட்டேன். உங்க மிஷினு கெட்டுப் போச்சுன்னு நெனைக்கிறேன், பாரு."

கலிபா அக்கா அறிவிப்புப் பலகையைக் காட்டினாள். துணைமுதல்வர் முத்திரையோடு பட்டியல். தங்காதவர்களின் இடம் ரத்து, உடனே பொருள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை எண்ணுக்குப் பக்கத்தில் பெயரும் இருந்தது. அடியில் மூன்று கையெழுத்து. மூன்றாவது பெர்மெத்தினுடையது.

ஜாஸ்குல் எழுந்து வந்து படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். அடியில் வந்ததும் விரல் நின்றது.

"இது நீதானே?"

"ஜாஸ்குல், நான் பேரப் பாக்கல. நம்பர்தான் இருந்துச்சு. பதினைஞ்சு ராத்திரி இல்லாதவங்கன்னு..."

"ராத்திரி நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தினமும் தின்னியேடி."

கலிபா அக்கா குறுக்கே வந்தாள். "இப்ப எதுக்கு வாசல்ல நின்னு... மேல போய்ப் பேசிக்கங்க. நான் கதவத் தொறந்து விடுறேன். என் வேலை போனாலும் போகுது."

"வேணாம்க்கா," என்றாள் ஜாஸ்குல். கோட்டுக்குள்ளிருந்து ரொட்டிகளை எடுத்து கலிபா அக்காவின் மேசையில் வைத்தாள். "எனக்கு ரெண்டு மணிக்கு லேப் இருக்கு. ஒரு மணி நேரமாவது எங்கயாச்சும் கண்ணை மூடணும்."

புகைக்குள் இறங்கி நடந்தவளை பெர்மெத் செருப்புக் காலோடு தெருமுனை வரை துரத்திப் போனாள். ஜாஸ்குல் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அன்று பெர்மெத் வகுப்புக்குப் போகவில்லை. துணைமுதல்வர் அறை வாசலில் பதினொரு மணி வரை நின்றாள். தோக்தோசுன் ஐயா கெட்ட மனிதரில்லை. அவரே இருபது வருடத்துக்கு முன்னால் இதே விடுதியில் ஓர் அறையில் ஆறு பேரோடு கிடந்து படித்தவர்.

"உக்காரும்மா. டீ குடி," என்றார். "நீ கேட்டதத்தானே செஞ்சேன்? எட்டு வருஷமா எவனும் செய்யாதத நீ செய்ய வெச்ச. இருநூத்திப் பதினாலு புள்ளைங்க வரிசையில நிக்குது."

"ஐயா, சில பேர் ராத்திரி வேலைக்குப் போறவங்க. அவங்க நிஜமாவே விடுதியிலதான் இருக்காங்க."

"அப்ப நீ ஏன் கையெழுத்துப் போடுறப்ப சொல்லல?"

பெர்மெத் டீக் கோப்பையை மேசையில் நகர்த்தி வைத்தாள்.

"இடத்தை ஏற்கெனவே ஒதுக்கியாச்சு. புள்ளைங்க மூட்டை முடிச்சோட வந்துட்டிருக்காங்க. அவங்கள நான் எங்க போகச் சொல்றது? சான்றிதழோட வரச் சொல்லு, குழு பாக்கும். ஆனா சட்டுனு நடக்காது, சொல்லிட்டேன்."

சாயங்காலம் அறைக்குத் திரும்பியபோது ஜாஸ்குலின் கட்டில்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயதுகூட இருக்காது. முழங்காலுக்கு நடுவில் கம்பளத் துணியில் கட்டிய மூட்டை. அவிழ்க்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெர்மெத்தைக் கண்டதும் எழுந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பெர்மெத் அக்காதானே? நான் ஐதூர்கன், முதலாண்டு. நாலு மாசமா ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டு நிலவறையில இருந்தேங்க்கா. சுவரெல்லாம் ஓதம். அம்மாகிட்ட உங்களப் பத்திச் சொன்னேன். உங்களுக்காகத் தொழுதுக்குறேன்னு சொல்லச் சொன்னாங்க."

பெர்மெத் தலையாட்டினாள். சுவரோரம் ஜாஸ்குலின் மாவு படிந்த செருப்பு கிடந்தது. அதை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மூட்டையை அவிழ்க்க அந்தப் பெண்ணுக்கு உதவினாள்.

மறுநாள் நிறுவனத்தில் பதிவுகளைத் திறந்தாள். முப்பத்தொரு எண்களில் இருபது பேர் இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட வாசலை மிதிக்கவில்லை, நிஜமாகவே ஆளில்லாதவர்கள். மீதிப் பதினொரு பேர் தினமும் காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில் உள்ளே வந்து, மதியம் வெளியே போயிருந்தார்கள். பார்த்தாலே தெரிந்தது. அந்தக் கணக்கை எடுக்கும் நிரலை எழுத அவளுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. நவம்பரில் அந்த நாற்பது நிமிடம் இருக்கவில்லை.

பதினொரு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மக்சத்திடம் போனாள். அவன் தாளைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"இத வெளிய கொண்டு போகப் போறியா?"

"குழுவுக்குக் குடுக்கணும் அண்ணே. தப்பு நம்ம புரோகிராம்ல இருக்கு."

"தப்பில்ல. அவங்க கேட்ட விதிய நாம எழுதினோம். இந்தப் பதிவெல்லாம் வாடிக்கையாளரோடது. நம்ம ஆள் ஒருத்தர் உள்ள பூந்து எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா அடுத்த காலேஜு நம்மள வாசப்படி ஏத்துமா? மூணு காலேஜோட பேச்சு நடக்குது பெர்மெத்."

"நான் ஒரு வரிய விட்டுட்டேன் அண்ணே. 'இது பிறகு'ன்னு எழுதி வெச்சேன்."

மக்சத் தாடியைச் சொறிந்தான். "எல்லாரும் எழுதுறோம். என் கோட்ல எத்தனை 'பிறகு' இருக்குன்னு உனக்குத் தெரியுமா? அந்தத் தாள இங்க வெச்சுட்டுப் போ. ஜூன் வரைக்கும் வாயைத் தொறக்காத. உனக்காகத்தான் சொல்றேன்."

தாளை அவன் மேசையிலேயே வைத்துவிட்டாள். எண்கள் மனப்பாடமாகியிருந்தன.

அந்த வார வெள்ளிக்கிழமை பேரவைக் கூட்டத்தில் தோக்தோசுன் ஐயாவும் இருந்தார். பெர்மெத் எழுந்து நின்று, கதவின் நிரலை எழுதியது தான்தான் என்றும், விதிவிலக்கை எழுதாமல் விட்டதும் படிக்காமல் கையெழுத்திட்டதும் தான்தான் என்றும் சொல்லி, பதினொரு எண்களையும் படித்தாள். யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து கட்டடத்துறை மாணவன் ஒருவன் கேட்டான்:

"அப்ப நீங்க எங்க தலைவியா, இல்ல கம்பெனிக்காரங்க ஆளா?"

சிலர் சிரித்தார்கள். அவள் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தாள். வேண்டாம் என்று தடுக்க ஒருவரும் எழவில்லை. திங்கட்கிழமை நிறுவனத்திலிருந்து சின்னக் கடிதம் வந்தது, பயிற்சி முடிந்தது, வாழ்த்துகள் என்று. மக்சத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: 'சொன்னேனே.'

அதற்குள் ஜாஸ்குல் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் மாவு மூட்டை அடுக்கும் அறையில் இடம் கொடுத்திருந்தார். பெர்மெத் மதியம் இரண்டு மணிக்குப் போனாள். வகுப்பு நேரம்தான், ஆனாலும் ஜாஸ்குல் கடையில்தான் இருந்தாள். பகல் வேலையும் சேர்த்துப் பார்ப்பதாகக் கடைக்காரர் சொன்னார். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பலகை, அதில் அவள் படுக்கை. ஒருபக்கம் அடுப்புச் சுவரின் அனல், மறுபக்கம் ஜன்னல் வழியே குளிர். இருமிக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை?" என்று கேட்டாள் பெர்மெத்.

"ரெண்டு எழுதல. விடு."

"குழுவுல பேசிட்டேன். கடைக்காரர்கிட்ட ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிக் குடு. பிப்ரவரி கடைசியில இடம் திரும்பக் கெடச்சிடும்."

"கடைக்காரர் சான்றிதழ் குடுக்க மாட்டாரு. குடுத்தா என்னை வேலைக்கு வெச்சிருக்கேன்னு வரி ஆபீசுல சொன்ன மாதிரி ஆயிடும். எங்க ரெண்டு பேரோட பொழப்பும் போகும்."

"அப்ப என் கூட வந்து இரு. ஒரே கட்டில்ல படுத்துக்கலாம். கலிபா அக்கா பாத்துப்பாங்க."

"அந்தப் பொண்ணு? என் கட்டில்ல இருக்கிறவ."

"ஐதூர்கன். சின்னப் பொண்ணு."

"எங்க இருந்தா இத்தனை நாளு?"

"நிலவறையில."

ஜாஸ்குல் பிரிந்திருந்த மூட்டைத் தையலை விரலால் உள்ளே அழுத்தினாள். "அவளையும் அந்தக் கட்டில்லருந்து எழுப்பி விடாத," என்றாள். பிறகு, "உம்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. நெறைய இருக்கு. ஆனா அத வெச்சுக்கிட்டு ஒக்காரத்தான் எனக்கு நேரமில்ல. நீ போ. நான் தூங்கணும்."

"நான் வேணும்னு செய்யல ஜாஸ்குல்."

"தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா நாலு அறை விட்டுட்டு முடிச்சிருப்பேன்."

பதினொரு பேரில் ஏழு பேருக்கு ஏப்ரலில் இடம் திரும்பக் கிடைத்தது. மருத்துவமனையில் இரவு உதவியாளராக இருந்த இரண்டு பேர், டாக்ஸி அழைப்பு மையத்தில் இருந்த மூன்று பேர், இன்னும் இருவர். எல்லாரும் முத்திரையிட்ட தாள் கொடுக்கக்கூடிய இடத்தில் வேலை பார்த்தவர்கள். மற்ற நால்வருக்கு அப்படிப்பட்ட தாள் எதுவும் இல்லை. நிரலில் விதிவிலக்குப் பகுதியைச் சேர்த்தது பெர்மெத்தின் இடத்துக்கு வந்த வேறொரு பயிற்சி மாணவன். பேரவைத் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. பின்வரிசையிலிருந்து கேட்ட கட்டடத்துறைப் பையன் ஜெயித்தான். நன்றாகவே செய்தான் என்று சொல்ல வேண்டும். வெந்நீர் தவறாமல் வந்தது.

பெர்மெத்துக்கு இப்போது நேரம் நிறைய இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் மதியத்தில் உட்கார்ந்தாள். ஊரில் அப்பாவிடம், பயிற்சி முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். "முடிஞ்சா நல்லதுதானேம்மா, உடம்பப் பாத்துக்க," என்றார் அவர். ஐதூர்கன் அவளுக்கும் சேர்த்து டீ போட்டு வைத்தாள். அக்கா ஏன் ராஜினாமா செய்தாள் என்பதை அதற்குள் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் அவள் படுக்கையை விரிக்காமல் ஓரத்தில் சுருண்டு படுத்தாள்.

"ஒழுங்கா நீட்டிப் படு," என்றாள் பெர்மெத். "கட்டில் உன்னோடதுதான்."

மே மாதம் ஜாஸ்குலிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மார்ச்சிலேயே ரஷ்யாவுக்குப் போய்விட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏதோ ஒரு நகரத்துச் சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறாளாம். கல்லூரியில் கிடக்கும் பள்ளிச் சான்றிதழும் மதிப்பெண் புத்தகமும் வேண்டும், அதிகாரக் கடிதம் முத்திரையோடு அனுப்பியிருக்கிறேன், வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். நலமா என்று கேட்கவில்லை, இவளும் எழுதவில்லை.

சான்றிதழைத் திரும்ப வாங்குவதென்றால் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவதென்று பொருள். பெர்மெத் அலுவலக ஜன்னலில் இரண்டு நாள் வரிசையில் நின்றாள். நூலகத்தில் பாக்கிப் புத்தகம் இல்லையென்று ஒரு கையெழுத்து, துறைத் தலைவரிடம் ஒன்று, விடுதியில் சாமான் ஏதுமில்லையென்று கலிபா அக்காவிடம் ஒன்று. கலிபா அக்கா பேனாவைத் திறந்தபடி வெகுநேரம் வைத்திருந்தாள்.

"அந்தப் புள்ள திரும்பி வராதா?"

"தெரியலைக்கா."

"போடவா?"

"போடுங்க."

இந்தத் தடவை ஒவ்வொரு தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பார்த்தாள். பிழை ஒன்றுமில்லை. உறையில் போட்டு ஒட்டி, அந்த நகரத்துக்குப் பேருந்தில் போகிற ஒரு பெண்ணிடம் பேருந்து நிலையத்தில் கொடுத்தனுப்பினாள். ஐந்தாம் நாள் பதில் வந்தது.

"கெடச்சுது."

அதற்கு என்ன எழுதுவதென்று மூன்று தடவை தட்டி மூன்று தடவையும் அழித்தாள். பிறகு கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.